குற்றாலத்து வெள்ளைக் குலை

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஓர் அதட்டல். "ஏட்டி, வழிய மறிச்சிக்கிட்டு நிக்கியே, தள்ளி நில்லு!" சட்டென்று திரும்பினேன். தலையில் கூடையோடு வந்த ஒரு பெண் தன் மகளை விரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கண்டியில், என் வீட்டில், இருபத்திரண்டு வருஷம் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஒரே ஓர் ஆள் இருந்தார். அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் என் கணவர் வேலாயுதம். தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூர்க்காரர். இருபது வயதில் கடல் கடந்து கண்டிக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆர்க்கிட் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் கண்டியிலேயே பிறந்தவள். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தபால் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர். தோட்டக்காரனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அவர் குதித்ததும், அவரைக் கேட்காமலே நாங்கள் கட்டிக்கொண்டதும் தனிக் கதை. அந்த அமளியில் புருஷனின் ஊரை நான் பார்க்காமலே காலம் ஓடிவிட்டது. அவர் மட்டும் ஒருமுறை, தன் அப்பா இறந்தபோது போய் வந்தார். திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு செடி கொண்டுவந்தார்.

அந்தச் செடிக்காகத்தான் இந்தப் பயணம். மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட் அது. ஆனி மாதச் சாரலில் ஒரு முழ நீளத்துக்குப் பூங்குலை விட்டுத் தொங்கும். அந்த ஜாதியில் பூவெல்லாம் ஊதாப் புள்ளி போட்டிருக்கும். இவர் கொண்டுவந்தது மட்டும் சுத்த வெள்ளை. துருவிய தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளை. துரை அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார் என்று இவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

துரை ஊருக்குப் போன பிறகு அவர் விட்டுச் சென்ற போத்தல் அறையை நாங்கள் இரண்டு பேருமாக நடத்தினோம். ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சின்னது. மற்ற விதைகளுக்குத் தாய் கட்டுச்சோறு கட்டி அனுப்புகிறாள்; இதை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறாள். மண்ணில் போட்டால் முளைக்காது. கடற்பாசியைக் காய்ச்சி, சீனியும் உப்புகளும் தேங்காய்த் தண்ணீரும் சேர்த்து, போத்தலில் ஊற்றிக் குக்கரில் அவித்து, அது ஆறிக் கட்டியானதும் அதன்மேல் விதையைத் தூவிப் பஞ்சால் வாயை அடைக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் விட்டு இவர் தூவுவார், நான் ஸ்பிரிட் விளக்கைப் பிடித்துப் பஞ்சை அடைப்பேன். மூச்சு விட்டால்கூடப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை. ஆறு மாதத்தில் போத்தலுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பச்சைப் புள்ளிகளைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருப்போம்.

ஆனால் வெள்ளைச் செடி மட்டும் எங்களுக்கு ஒரு விதைகூடத் தரவில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத பிறவி அது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் காய் மஞ்சளடித்து உதிர்ந்தது. புள்ளிக்காரச் செடியோடு சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் புள்ளியாகவே வரும். "அதுக்கு அதன் ஊர்லயே இன்னொரு வெள்ளை வேணும்ட்டி. ஒரு ஆனிக்கு ரெண்டு பேருமாப் போவோம்" என்பார். ஒவ்வொரு ஆனியிலும் ஏதாவது வேலை வந்தது. பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

அறுபதுகளின் கடைசியில், அவர் போய் மூன்றாம் வருஷம், மழைக்கு முன்னாலேயே செடியின் அடி அழுகத் தொடங்கிவிட்டது. வெட்டினேன், கந்தகம் தடவினேன், அழுகல் மேலே ஏறிக்கொண்டே வந்தது. விதையில்லாமலே செடியைப் பெருக்க ஒரு வழி வந்திருப்பதாக இங்கிலாந்திலிருந்து துரை எழுதியிருந்தார். நுனிக்குருத்தின் நடுவிலிருந்து ஊசிமுனையளவு சதையை எடுத்துப் போத்தலில் வைத்தால் அதே செடி மறுபடி உருவாகுமாம்; அதை நறுக்கி வைத்தால் பத்து, நூறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் செடிக்கு இருப்பது ஒரே நுனி. அதை வெட்டினால் செடி போச்சு. போத்தலில் பூஞ்சணம் பிடித்தால் அவர் கொண்டுவந்த ஒன்றும் போச்சு. எனக்குக் கை வரவில்லை. அந்த நிலைமையிலும் அது ஒரு குலை விட்டது. பூ இரண்டு வாரம் தாங்கும். அதற்குள் இன்னொரு வெள்ளையின் மகரந்தத்தோடு திரும்பவேண்டும் என்று, செடியைப் பக்கத்து வீட்டு சோமாவதியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இலத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பஸ் முழுக்க அவர் பேசிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒருவர், "அங்கன தண்ணி நல்லா விழுதாம்வே" என்றார். பின்னால் ஒருத்தி, "சவத்தத் தூரப் போடு, பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள். கண்டக்டர் யாரையோ, "கோட்டி பிடிச்சிருக்கா ஒமக்கு?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் நான் கேலி செய்த பேச்சு. "உங்கட பேச்சு என்ன பேச்சு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாரல் அடிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோமதி அவருடைய தங்கை. கடிதத்தில் மட்டும் பழகியவள். வாசலில் என்னைப் பார்த்ததும் "வாங்க மைனி" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூக்கும் நெற்றியும் அச்சாக அவரேதான். அழுதோம். அழுது முடித்ததும் அவள் முதல் கேள்வி, "சாப்பிடுதியளா?"

இலையில் சொதி ஊற்றினாள். எங்கள் வீடுகளில் சொதி என்றால் வேறு கறி இல்லாத அன்றைக்கு இடியப்பத்தை நனைக்க வைப்பது. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் பச்சைமிளகாயும், அவ்வளவுதான். இவர் அதை வாயில் வைத்துவிட்டு, "இது சொதியாட்டி, இல்ல கை கழுவின தண்ணியா?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கோமதி வைத்திருந்தது பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் கிழங்கும் பீன்ஸும் போட்டுக் கெட்டியாக, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு. இங்கே கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தாம். "நீங்க புதுப்பொண்ணா வந்தப்ப வைக்கவேண்டியது. இப்பத்தான வந்திருக்கிய" என்றாள் கோமதி. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

மறுநாள் காலை குற்றாலம் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினோடு பேச்சுவார்த்தை நடத்தத் தொடங்கினார். யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் பஸ் நின்றால் மாகாணத்தையே திட்டுவார்கள். இங்கே எல்லாரும் இறங்கிச் சாரலில் நின்று மலையைப் பார்த்தார்கள். ஒரு குதிரைவண்டி பிடித்தேன். வண்டிக்காரர் எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும், "தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டார். அவர்களும் கவலையோடு பதில் சொன்னார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் விசாரிப்பார்களே, அந்த அக்கறை.

என் கணவருடைய நோட்டில், செடி கிடைத்த இடமாக, 'ஐந்தருவிக்குக் கீழே, பெரிய பலா நிற்கும் தோப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. கடைக்காரர்களைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மங்குஸ்தானும் பலாவும் கிராம்புமாக ஈரம் சொட்டுகிற தோப்பு. காவல்காரர் சுடலைமுத்து, தலையில் துண்டும் கையில் அரிவாளுமாக வந்தார். மரத்தில் தொற்றி வளர்கிற பூச்செடிகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"புல்லுருவியா? வந்து பாருங்கம்மா, ஒண்ணு இருக்காது. சீசன் குத்தகை விடுதாவல்லா, முந்தாநாத்துதான் மரம் மரமா ஏறிச் சுத்தமாச் சுரண்டிப் போட்டிருக்கேன்."

புல்லுருவி மரத்தைக் குடிக்கிற ஜென்மம். ஆர்க்கிட் மரத்தில் உட்காருமே தவிர, மரத்தைத் தொடாது. ஆனால் இந்தப் பக்கத்தில் மரத்தின்மேல் எது பச்சையாகத் தொற்றினாலும் அதற்குப் பெயர் புல்லுருவிதான். நல்ல காவல்காரன் குத்தகைக்கு முன்னால் அதைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலாமரத்தைக் காட்டினார். பட்டை முகச்சவரம் செய்த மாதிரி இருந்தது.

"இதில வெள்ளையாப் பூத்த ஒண்டு இருந்ததோ?" என்றேன்.

"இருந்துச்சில்லா! மேல கவட்டையில, இம்புட்டு நீளத்துக்குத் தொங்கிட்டுக் கெடந்துச்சு. வெட்டிக் கீழ போட்டதும் எம் பொஞ்சாதி பூவ மட்டும் ஒடிச்சி எடுத்துட்டா. குண்டாந்தண்ணியில போட்டு வச்சிருந்து, இன்னிக்கித் தலையில வச்சிட்டுல்லா போயிருக்கா. சங்கரன்கோயில்லேருந்து சொந்தக்காரவ வந்திருக்காவ, ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்காவ."

நான் ஓடினேன். ஐம்பது வயதை நெருங்குகிற பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழுக்குப் பாதையில் ஓடுவதைக் குற்றாலத்துக் குரங்குகள் எல்லாம் பார்த்தன. ஒன்று என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டது. கோமதி கட்டிக்கொடுத்த இட்லி. போகட்டும், மகராசன் சாப்பிடட்டும் என்று ஓடினேன். அவள் தலை நனைந்தால் பூவின் மகரந்தம் கெட்டுவிடும். எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

பெண்கள் குளிக்கிற பக்கம் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். கறுத்த கொண்டையில் வெள்ளைக் குலை சுற்றிய ஒருத்தி, புடவையைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் இரண்டாவது தடவை போகத் திரும்பியிருந்தாள். "தலையை நனைக்காதேயுங்கோ! தலையை நனைக்காதேயுங்கோ!" என்று கத்தினேன். அருவியில் வந்து தலையை நனைக்காதே என்று கத்துகிறவளை எல்லாரும் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார்கள்.

அவள் பெயர் பேச்சி. என் மூச்சிரைப்பைப் பார்த்துப் பயந்து, என்னைப் பிடித்து ஒரு பாறையில் உட்காரவைத்தாள். பூ வேண்டும், பூகூட வேண்டாம், பூவுக்குள்ளே இருக்கிற கடுகளவு சாமான் வேண்டும் என்று விளக்கினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "இம்புட்டுத்தானா? எடுத்துக்கிடுங்க, அதுக்கு ஏன் இப்படி ஓடியாரிய?" என்று தலையைக் குனிந்து காட்டினாள். ஒரு முறை நனைந்த தலைதான். ஆனால் ஆர்க்கிட்டின் மகரந்தத்துக்குத் தலையில் ஒரு குட்டித் தொப்பி உண்டு. ஈர்க்குச்சியின் கூரான முனையால் தொப்பியைத் தள்ளிவிட்டால் இரண்டு மஞ்சள் மணிகள் ஒரே காம்பில் ஒட்டிக்கொண்டு வரும். உள்பக்கத்துப் பூக்களில் அந்த மணிகள் தொப்பிக்குள் நனையாமலே இருந்தன.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "பேன் பாக்காவளா?" என்றாள் ஒருத்தி. மலை தாண்டி வந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரைக்கும், 'பாவம், இந்த அம்மாவின் கல் மூக்குத்தி அவள் தலைமுடிக்குள் விழுந்துவிட்டது போலிருக்கிறது' என்று சொன்னார்கள். ஏழு ஜோடி எடுத்தேன். ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசி போட்டுவைத்திருந்த ஹோமியோபதிக் குப்பிக்குள் போட்டு மூடி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். பேச்சியின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்புறம் நானும் அருவியில் போய் நின்றேன், குப்பியைப் பேச்சியின் கையில் கொடுத்துவிட்டு. தண்ணீர் முதுகில் அடித்தபோது அவரை நினைத்துச் சத்தமாகவே சொன்னேன்: "கிடைச்சிட்டுது!"

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் சாயங்காலம் வரைக்கும்தான்.

குப்பியைக் காட்டிக் கதையைச் சொல்லச் சொல்லக் கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். பலாமரம் என்றதும் சிரிப்பை நிறுத்தினாள். "பெரிய பலா, மேல கவட்டையிலயா? அது அண்ணன் ஏறுன மரம்லா மைனி. நானும் கூடப் போயிருந்தேன். பெரிய செடி ஒண்ணு, அதன் அடியில சின்னதா ஒரு கன்னு விட்டிருந்துச்சு. கன்ன மட்டும் பிச்செடுத்துக்கிட்டு எறங்கிட்டான். பெருச எடுக்கலியான்னு கேட்டேன். 'தாய எடுக்கக் கூடாது கோமு, அது இங்கனயே இருக்கட்டும்'னான்."

நான் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதிக்கு என்ன தெரியும். அவர் முழுச் செடியையும் எடுத்துவந்ததாகத்தான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தாயின் அடியில் வெடித்த கன்று விதையில் வந்த பிள்ளையைப் போல இல்லை. அந்தத் தாயின் உடம்பேதான். மரத்தில் இருந்ததும் கண்டியில் என் ஜன்னலில் இருந்ததும் இரண்டு செடியே இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நான் ஓடி விழுந்து குரங்குக்கு இட்லி கொடுத்து எடுத்தது என் செடியின் மகரந்தத்தையேதான். அதை வைத்தால் காய் மஞ்சளடித்து உதிரும், நாலாவது தடவையாக.

மூன்றாம் நாள் நான் வெளியே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். கோமதி காபியைக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துப்போனாள், மறுபடி கொண்டுவந்தாள். கடைசியில் பொறுக்காமல், "ஒரு செடிக்கா மைனி இப்படி அழுதிய?" என்றாள்.

"செடிக்கில்லை, உன் அண்ணனுக்கு" என்றேன். "அவற்ற கை பட்டது எண்டு எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான் கோமதி. அதுவும் அழுகுது. மரத்தில இருந்ததும் வேறயில்லை, அதே செடிதான்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு வந்த சந்தேகத்தைச் சாதாரணமாகக் கேட்டாள்: "அதுவும் இதுவும் ஒண்ணேதான்னா, சுடலைமுத்து வெட்டிப்போட்டதும் அண்ணன் செடிதான? அது எங்கன கெடக்கு?"

எழுந்து உட்கார்ந்தேன். வெட்கக்கேடு. இத்தனை வருஷம் ஆர்க்கிட்டோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தோன்றவில்லை.

நாலாம் நாள் கோமதியும் என்னோடு வந்தாள். பஸ் ஒழுங்காக ஓடியது; நான்தான் அவசரத்தில் தவறான இடத்தில் இறங்கி அவளையும் நடக்கவைத்தேன். சுடலைமுத்து சுரண்டியதையெல்லாம் தோப்பு ஓரம் வாய்க்கால் பக்கம் குவித்திருந்தார். வெயில் வந்ததும் கொளுத்துவதாக இருந்தாராம். சாரல் விடவில்லை. அந்தச் சாரலுக்கு ஆயிரம் கும்பிடு. பேச்சியும் நாங்களுமாகக் குவியலைக் கிளறினோம். நிஜமான புல்லுருவி, பாசி, பெரணி, புள்ளிக்கார ஆர்க்கிட்டுகள் என்று வந்துகொண்டே இருந்தன. "இந்தாங்க, இதுதானா?" என்று பேச்சி தூக்கிக் காட்டினாள். ஒடித்த பூக்காம்பின் அடிக்கட்டை இன்னும் இருந்தது. வேர் பாதி அறுந்து, இலைகள் நசுங்கி, பக்கக் கன்றுகள் எல்லாம் மிதிபட்டுப் போயிருந்தன. ஆனால் நடுக்குருத்து பச்சையாக இருந்தது. ஒரே நுனி.

மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சுடலைமுத்து ஒன்றும் புரியாமல் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கொண்டுபோய்விடத்தான் முதலில் நினைத்தேன். பையைத் திறந்து, ஈரத்துணிகூட எடுத்துவிட்டேன். "கொண்டுட்டுப் போயிருங்கம்மா. இங்கன இருந்தா அடுத்த வருசமும் இவுக சுரண்டிப் போடுவாவ" என்றாள் பேச்சி. கோமதியின் முகத்தைப் பார்த்தேன். 'தாய எடுக்கக் கூடாது' என்று அவர் சொன்னதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாளே, இனி என்ன சொல்ல. துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"திருப்பி மரத்தில கட்டவேணும்" என்றேன்.

"மரத்தக் குடிச்சிரும்லா!" என்று பதறினார் சுடலைமுத்து. ஒரு புல்லுருவிக் கொம்பை எடுத்து, அது மரத்துக்குள் ஆப்பு இறக்கியிருந்த இடத்தைக் காட்டினேன். பிறகு செடியின் வேரோடு ஒட்டிவந்த பட்டையைக் காட்டி, வேரை மெல்லத் தூக்கினேன். வேர் தனியாக வந்தது. கீழே பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்பம் என்னத்தத் தின்னு பொழைக்கி?"

"சாரலை."

பட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நம்மளப் போலன்னு சொல்லுங்க. நாங்களும் சீசனத் தின்னுதானம்மா பொழைக்கோம்."

அவரே ஏறினார். பேச்சி தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள், கயிறு என்றால் அறுக்கும் என்று. கவட்டையில் தேங்காய்நாரை வைத்து, செடியை உட்காரவைத்து, கீழிருந்து நான் சொல்லச் சொல்ல அவர் கட்டினார். "பூத்தா எனக்குத்தான், கேட்டியளா?" என்று பேச்சி மேலே பார்த்துக் கத்தினாள். "யாரு மரத்துல அருவா வைக்கான்னு நானும் பாக்குதேன்!" எனக்கு அதைவிட நல்ல காவல் கிடைக்காது என்று தோன்றியது.

இறங்கும் வழியில் மங்குஸ்தான் வாங்கித் தின்றோம். எங்கள் ஊர்ப் பழம் இதைவிடப் பெரியது என்று நான் சொல்ல, கோமதி ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலடியில் அவள் என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். சொதி. கண்டிவரை தாங்காது என்றேன். "தாங்கற வரைக்கும் சாப்பிடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளைக் குலை இன்னும் வாடவில்லை. அழுகல் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அன்றைக்கே கடற்பாசி காய்ச்சினேன், போத்தல்களை அவித்தேன், கத்தியை விளக்கில் காட்டினேன். போகும் முன்பு வராத கை இப்போது வந்தது. என் கத்தி தவறினாலும் இந்தச் செடி சாகாது. குற்றாலத்தில் ஒரு பலாமரக் கவட்டையில் பேச்சியின் சேலைக்கிழிசலைக் கட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. "பயப்படாதட்டி" என்றேன் செடியிடம். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நுனியை வெட்டினேன்.

நுனிச் சதை ஒரு போத்தல், இலைக் கக்கத்தில் இருந்த இரண்டு மொட்டுகள் இரண்டு போத்தல். விளக்கை நானே பிடித்து, பஞ்சையும் நானே அடைத்தேன். ஒரு போத்தலில் பத்தாம் நாள் கறுப்புப் பூஞ்சணம். நுனி வைத்த போத்தல் பழுப்பாகி அடங்கிவிட்டது. மூன்றாவதில் ஒரு மொட்டு மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. பிறகு ஒருநாள் காலை மிளகளவு பச்சையாக உப்பியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒன்று. இன்னொரு தரம் எண்ண ஆளில்லை, அதனால் நானே மறுபடி எண்ணினேன்.

அது பெருத்து, நான் நறுக்கி, நாலாகி, பதினொன்றாகி இலை விட்ட சமயத்தில் கோமதியின் கடிதம் வந்தது. 'மைனி, ஆனி பிறந்ததும் பலாவில் வெள்ளை பூத்துவிட்டது. பேச்சி பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு பாதியைச் செடியிலேயே விட்டுவிட்டாள். சுடலைமுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டி, புல்லுருவிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.' கடிதத்தைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பூத்ததும் இந்தப் பதினொன்றும் ஒரே செடி. செடிக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. ஓர் ஓரத்தில் ஒரு துளி மிஞ்சினாலும் முழுசாகத் திரும்பி வந்துவிடும். மனுஷருக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

அடுத்த ஆனிக்கு மறுபடி போகிறேன். போத்தல் கன்றுகளில் இரண்டை அந்தத் தோப்பில் கட்டவேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யில்லை, கட்டத்தான் போகிறேன். ஆனால் நான் போவது இலத்தூர் பஸ்ஸில் உட்கார. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன். முன்னாலும் பின்னாலும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஒருத்தி யாரையாவது 'ஏட்டி' என்று கூப்பிடுவாள். நான் திரும்பிப் பார்ப்பேன்.